பேப்பர் வயசு

"அம்மா, ஒரு ஆளுக்கு ரெண்டு வயசு இருக்கலாமா?"

என் மகள் ஓச்சான்யா இதைக் கேட்டபோது அவளுக்கு எட்டு வயது. அடாகோலே பெரியப்பாவுக்கு எழுபது நிறைந்ததற்காகக் கோயிலில் பாதிரியார் நடத்திய நன்றி வழிபாடு முடிந்து, அவர் கிராமத்து வீட்டு மாமரத்தடியில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கை கழுவ உள்ளே போனவள், ஆணியில் மாட்டியிருந்த அவருடைய குடிநீர் வாரிய அடையாள அட்டையைப் படித்திருக்கிறாள். பிறந்த வருடம் 1948 என்று அதில் இருந்தது. பள்ளியில் அப்போதுதான் கடன் வாங்கிக் கழிக்கக் கற்றுக் கொடுத்திருந்தார்கள். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து நின்றாள்.

"கழிச்சுப் பாத்தா அறுபத்திநாலுதான் வருது. கோயில்ல எழுபதுன்னு சொன்னாங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தவர் பெரியப்பாதான்.

"இருக்கலாம் கண்ணு. ஒன்னு கடவுள் போட்ட வயசு, இன்னொன்னு கவர்மென்ட்டுக்குப் போட்ட வயசு. கடவுள் போட்டதுல முட்டி வலிக்கும். கவர்மென்ட்டுக்குப் போட்டதுல சம்பளம் வரும்."

"கோயில்ல இருந்து வந்து ஒரு மணி நேரம் ஆகல, அதுக்குள்ள பேச்சைப் பாரு" என்று அவர் மனைவி அஜூமா பெரியம்மா அகப்பையால் அவர் முதுகில் தட்டினார்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்த அட்டை இருந்த பக்கம் திரும்பவில்லை. அதிலிருந்த வருடம் என் அப்பாவின் பேனாவிலிருந்து வந்தது.

அந்தத் தலைமுறையில் யாருக்கும் பிறப்புச் சான்று கிடையாது. வெள்ளைக்காரன் போருக்கென்று பனங்கொட்டை பொறுக்கச் சொன்ன வருடத்தில் பிறந்தவர் என்பார்கள், அவ்வளவுதான். அரசாங்க வேலைக்குப் போக வேண்டுமானால் நீதிமன்றத்தில் இன்ன தேதியில் பிறந்தேன் என்று சத்தியம் செய்து பிரமாணப் பத்திரம் வாங்க வேண்டும். அதை எழுதிக் கொடுக்கும் எழுத்தராக இருந்தார் அப்பா. குடிநீர் வாரியத்தில் சேர இருபத்தைந்து வயதைத் தாண்டக் கூடாது. பெரியப்பாவுக்கு அப்போது முப்பது. அப்பா இதைப் பலமுறை பெருமையாகச் சொல்லியிருக்கிறார்: "முப்பதுன்னு சொல்லிட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நின்னான். நான்தான், இருபத்திநாலுன்னு எழுதறேன், வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடுன்னேன். ஒரு குடும்பம் பொழைச்சுது." ஒரு காசு வாங்கமாட்டார். அப்படி முப்பது நாற்பது பேருக்கு எழுதியிருப்பார். அது தர்மம் என்றே நம்பினார். அப்பா இறந்தபோது மூன்று நாள் சாவுவீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது பெரியப்பாதான். வாரியத்தின் லாரி, ஓட்டுநருக்குக் கொடுத்தது அவருடைய சொந்தப் பணம்.

விடிவதற்கு முன்பே பம்பு நிலையத்துக்குப் போய் நகரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலையை முப்பத்தாறு வருடம் செய்தார். பேப்பரில் அறுபது ஆனபோது ஓய்வு கொடுத்தார்கள். மாத ஓய்வூதியம் நாலு மாதம் வந்தால் மூன்று மாதம் வராது. மொத்தமாகத் தர வேண்டிய பணிக்கொடை வரவே இல்லை. பத்து வருடமாக வரவில்லை.

அந்தப் பத்தாவது வருடம், புழுதிக்காற்று அடிக்கும் ஜனவரியில், அஜூமா பெரியம்மா இறந்துபோனார்.

எங்கள் வழக்கத்தில் மனைவியின் உடலை அவள் பிறந்த வீட்டு மண்ணுக்குக் கொண்டுபோக வேண்டும். சும்மா கொண்டுபோக முடியாது. அண்ணன் தம்பிகளுக்கு முன்னால் புருஷன் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும். பெட்டி, வண்டி, ஆடு, துணி, வருகிறவர்களுக்குச் சாப்பாடு எல்லாம் அவன் பொறுப்பு. பிள்ளைகள் இருவரும் தலைநகரத்தில் வாடகை கொடுக்கவே தவிப்பவர்கள். பெரியம்மாவை ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் வைத்தார்கள்.

"பணிக்கொடை வந்ததும் கூட்டிட்டுப் போறேன்" என்று மைத்துனர்களிடம் சொல்லிவிட்டார் பெரியப்பா. "மழைக்கு முன்னால."

மழை ஏப்ரலில் வரும்.

நான் சட்டசபையில் வேலை பார்க்கிறேன். உறுப்பினர்கள் பேசுவதைச் சொல்லுக்குச் சொல் எழுதிப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை. பிப்ரவரியில் ஹெம்பாடூன் என்ற பெண் உறுப்பினர் ஒரு மசோதா கொண்டுவந்தார். எங்கள் மாநிலத்தில் ஆட்சி நடத்துபவர் கவர்னர்; முன்னாள் கவர்னர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நாலு வருடம் ஆண்டாலும் போதும், சாகும்வரை வீடு, நாலு வருடத்துக்கு ஒரு முறை புதுக் கார்கள், சமையல்காரர், வெளிநாட்டு வைத்தியம் எல்லாம் அரசாங்கச் செலவு. அந்தச் சட்டத்தை ரத்துசெய்து, மிச்சமாகும் பணத்தை ஓய்வுபெற்ற எல்லாருடைய பணிக்கொடைக்கும் கொடுக்க வேண்டும் என்பது மசோதா.

பெரியப்பா என்னிடம் நுழைவுச் சீட்டு வாங்கிக்கொண்டு பார்வையாளர் மாடத்தில் வந்து உட்கார்ந்தார். பழைய வாரியச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தார். அவரைப் போல நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஹெம்பாடூன் பேசியபோது அவர்களில் பாதிப் பேர் அழுதார்கள்.

தேநீர் இடைவேளையில் நடந்தது எந்தப் பதிவிலும் இல்லை. சபாநாயகரின் அறைக்கு வெளியே, திறந்திருந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலைப் பேச்சைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சபாநாயகர், பழைய கவர்னர் ஒருவரின் ஆள், ஓய்வூதியர் சங்கத் தலைவர்.

"அந்தப் பொம்பளைக்கு என்ன வேணுமாம்?" என்றார் கவர்னரின் ஆள். "எங்க கவர்னர் தூக்கிவிட்டுத்தான் இங்க பாதிப் பேரு உக்காந்திருக்கீங்க. ஏறி வந்த ஏணிய எட்டி உதைக்கிறீங்களா?"

"யாரு உதைக்கிறா? நாளைக்கு நான் கவர்னரானா எனக்கும் அதே சட்டம்தானே சோறு போடணும்" என்றார் சபாநாயகர். "ஆனா மாடத்துல கிழடுங்க உக்காந்திருக்கு, பத்திரிகைக்காரன் படம் எடுக்கிறான். ஏதாவது குடுத்தாகணும்."

"குடுங்க. எல்லாருக்கும் எதுக்கு? ரொம்ப வயசானவங்களுக்கு முதல்ல குடுங்க."

"எழுபது?"

"எழுபதுல நிறையப் பேரு இருக்காங்க." இது சங்கத் தலைவரின் குரல். அவருடைய ஆட்களைப் பற்றி அவருக்குத் தெரியாதா. "எழுபத்தஞ்சுன்னா கொஞ்சம்தான். வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டும் வருவாங்க."

"அப்ப எழுபத்தஞ்சுன்னே வை" என்றார் சபாநாயகர். "கவர்னர் சட்டத்தை ஒரு குழு போட்டு ஆராயச் சொல்லலாம். தலைவரே, உங்க சங்கத்துக்கு ஒரு வண்டி கேட்டிருந்தீங்கல்ல?"

கோப்பையில் கரண்டி சுற்றும் சத்தம் கேட்டது.

பிற்பகலில் திருத்தம் வந்தது. "ஆம் என்பவர்கள்?" என்றார் சபாநாயகர். ஏழெட்டுக் குரல் எழுந்தது. "இல்லை என்பவர்கள்?" என்றார். ஹெம்பாடூனும் அவர் பக்கத்தவர்களும் சத்தமாகச் சொன்னார்கள். மாடத்திலிருந்தும் ஒரு பெரிய "இல்லை" வந்தது. அது பெரியப்பாவின் குரல். பம்பு இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய குரல். காவலர் ஓடிப்போய் அவர் தோளைத் தொட்டார்.

"பெரியவரே, இங்க உங்களுக்குக் குரல் கிடையாது."

"தெரியும் தம்பி. வாய் மறந்துடுச்சு."

"ஆம் என்பவர்களே அதிகம்" என்று சபாநாயகர் சுத்தியலைத் தட்டினார். என் காதில் விழுந்தது வேறு. ஆனால் என் வேலை அவர் சொன்னதை எழுதுவது. எழுதினேன்.

வெளியே வந்தபோது பெரியப்பாவின் முகத்தில் வருத்தம் இல்லை.

"எழுபத்தஞ்சு தாண்டினவங்களுக்காமே லாமி. எனக்கு எழுபத்தாறு ஆச்சே! கடவுள் ஒரு வாசலை மூடினாலும்..." என்று ஆரம்பித்தவர், படியில் நின்றுவிட்டார். சட்டைப் பையிலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தார். பேப்பரில் அவருக்கு எழுபதுதான்.

மார்ச்சில் ஓய்வூதிய வாரியத்தின் வாசலில் சரிபார்ப்பு நடந்தது. பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு அவருக்குத் துணையாகப் போனேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் குடைக்குக் கீழே தட்டச்சு இயந்திரம் வைத்துப் பிரமாணப் பத்திரம் அடித்துக் கொடுப்பவர்களிடம் அன்று திருவிழாக் கூட்டம். ஊருக்கே ஒரே வாரத்தில் வயது ஏறிக்கொண்டிருந்தது.

"ஏய், போன மாசம் என்னை அண்ணேன்னு கூப்பிட்ட. இந்த மாசம் நான் உன்னை அண்ணேங்கணுமா?"

"கூப்பிடு, கூப்பிடு. அப்படியே காலைத் தொட்டுக் கும்பிடு, எண்பது ஆச்சு எனக்கு."

"அப்ப உங்க அம்மாவுக்கு மூணு வயசு இருக்கறப்ப உன்னைப் பெத்தாங்களா?"

வரிசையே சிரித்தது. எனக்குப் பின்னால் ஓய்வுபெற்ற நர்ஸ் அலாடி அக்கா காராமணி வடையைப் பிய்த்து எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு உண்மையிலேயே எழுபத்தெட்டு. மிஷன் ஆஸ்பத்திரியில் பிறந்தவர் என்பதால் பதிவு இருந்தது. "நான் பொய் சொல்லத் தெரியாம மாட்டிக்கிட்ட ஆளு" என்றார். "அதுக்கு இப்பத்தான் கூலி."

மதியத்துக்கு மேல் வாரியம் ஓர் அறிவிப்பு ஒட்டியது. புதுப் பிரமாணப் பத்திரங்கள் செல்லாது. வேலையில் சேரத் தானே வயதைக் குறைத்துச் சொன்னவர் என்று தெரிந்தால், கூடுதலாக வேலை பார்த்த வருடங்களின் சம்பளத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், ஓய்வூதியமும் நிற்கும். நீதிமன்ற எழுத்தரின் தவறாக இருந்தால் மட்டும், அவர் பெயரைக் குறிப்பிட்டு, தவறு அவருடையதே என்று எழுதிக் கையெழுத்திட்டு, வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் வயது திருத்தப்படும்.

மேசையில் இருந்த பெண் நல்லவள். பெரியப்பாவின் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"ஐயா, இதுல எழுத்தர் கையெழுத்து தெளிவா இருக்கு. அவரு உயிரோட இருக்காரா?"

"இல்லம்மா. பதினேழு வருஷம் ஆச்சு."

"அப்ப என்ன கஷ்டம்? அவரு தப்பா எழுதிட்டாருன்னு ரெண்டு வரி எழுதுங்க. செத்தவரை யாரு கூப்பிட்டு விசாரிக்கப் போறா?"

பெரியப்பா என்னைப் பார்க்கவில்லை. "யோசிச்சு வரேன்" என்று கோப்பை மூடினார்.

வழியில் ஒரு கம்பங்கூழ்க்காரியிடம் உட்கார்ந்தோம்.

"எழுதுங்க பெரியப்பா" என்றேன். "உண்மையும் அதுதான். அப்பாதான் இருபத்திநாலுன்னு போட்டாரு. எங்கிட்டயே சொல்லியிருக்காரு."

"உங்கப்பா பெருமைக்குச் சொல்லியிருப்பான். நான்தான் அப்படிப் போடச் சொல்லிக் கெஞ்சினேன். பேனா அவனுது, பொய் என்னுது."

"நீங்க கெஞ்சல. மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நின்னீங்களாம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூழைக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"லாமி, வேலை கிடைக்கணும்னு ஒரு பொய்யில கையெழுத்துப் போட்டேன். அதுல முப்பத்தாறு வருஷம் சோறு தின்னேன். இப்ப பணம் கிடைக்கணும்னு செத்தவன் தலையில இன்னொரு பொய்யைத் தூக்கி வைக்கணுமா? அவன் வந்து பதில் சொல்ல முடியாது. மேல போனா அவனைப் பாக்கணும், முன்னோருங்க எல்லாரும் பாத்துக்கிட்டு நிப்பாங்க. அஜூமாவும் நிப்பா. எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுப் போவேன்?"

"பெரியம்மா குளிருல கிடக்காங்களே."

கீழே வைத்த கிண்ணத்தை எடுத்துக் கூழ்க்காரியிடம் நீட்டினார். "அவளுக்குக் குளிரே ஆகாது" என்றார் பிறகு. "இந்த ஊர் வெயில்லயே போர்வை கேப்பா."

நான் இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வரியை அவர்தான் எழுத வேண்டும் என்று இல்லை. இறந்த எழுத்தரின் மகளாக நானே எழுதிக் கொடுத்திருக்கலாம்: என் அப்பா தெரிந்தே செய்தார், அவர் வாயாலேயே கேட்டேன் என்று. மேசைப் பெண் அதை வாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் என் பெயரும் அரசாங்க ஊழியர் பட்டியலில் இருக்கிறது. அப்பாவின் சிபாரிசில்தான் சட்டசபை வேலையில் நுழைந்தேன். ஒரு கோப்பைத் திறந்தால் பக்கத்துக் கோப்பும் திறந்துகொள்ளும் என்ற பயம். அவர் வேண்டாம் என்றபோது என் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்தது. எத்தனையோ பாவங்களை அறிக்கையிட்டிருக்கிறேன். அந்த நிம்மதியை மட்டும் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நான் அலுவலகத்துக்குப் போனேன், பதிவேடு எழுதினேன். வெள்ளிக்கிழமை போயிற்று.

அதன்பிறகு நடந்தவற்றில் நல்லது எல்லாம் சின்னச் சின்னதாகவே நடந்தது. குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஓக்போலே, அஜூமா பெரியம்மாவின் வாடகைக்கான நாள் கணக்கை எழுதுவதை மார்ச்சோடு நிறுத்திக்கொண்டான். "நோட்டுல இடம் இல்ல" என்று கேட்பவர்களிடம் சொன்னான். அலாடி அக்கா தமக்குப் பணம் வந்ததும் கோயில் பெண்களைக் கூட்டிப் பெட்டி செய்யக் கொடுத்தார். பெரியப்பா ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த அறையின் கதவுக்கு வெளியே இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, வாரச் செய்தியெல்லாம் பெரியம்மாவுக்குச் சொல்லிவிட்டு வருவார். ஓக்போலே காது கேட்காதவன் போல வேறு பக்கம் பெருக்குவான்.

கவர்னர் சட்டத்தை ஆராயும் குழு ஒரு முறை கூடியது. அதன் நடவடிக்கையையும் நான்தான் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு பக்கம் வந்தவர்களின் பெயர்.

மழை ஏப்ரலில் வந்தது. ஆகஸ்ட்டில், ஓய்வூதிய வாரியத்தின் வாசலில் அடுத்த பட்டியல் எப்போது என்று கேட்கப் போன பெரியப்பா, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். தூங்குகிறார் என்று நினைத்து யாரோ அவர் மேல் மழைச்சாரல் படாமல் நாற்காலியை உள்ளே நகர்த்திவிட்டிருக்கிறார்கள்.

பிள்ளைகள் கடன் வாங்கிக்கொண்டு வந்தார்கள். அஜூமா பெரியம்மாவின் அண்ணன் தம்பிகள் மூன்று பேரும் வந்தார்கள். ஆடு எங்கே, துணி எங்கே என்று கேட்பார்கள் என்று எல்லாருக்கும் பயம். மூத்தவர் பெட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னார்: "ஏழு மாசம் கதவுக்கு வெளியில உக்காந்து பேசினவன். இப்ப அவன்கிட்ட இருந்து இவளைப் பிரிச்சு எங்க கொண்டுபோறது? இங்கேயே கிடக்கட்டும்." எங்கள் பக்கத்தில் அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இருவரையும் ஒரே நாளில் அவருடைய கிராமத்து வீட்டு முற்றத்தில் புதைத்தோம். பெரிய மகன் நகரத்தில் எழுதி வாங்கிவந்த வெள்ளைச் சிலுவைகளை நட்டான். பெரியப்பாவின் சிலுவையில் அடையாள அட்டையைப் பார்த்து எழுதியிருந்தார்கள்: 1948 – 2018.

ஓச்சான்யாவுக்கு அப்போது பதினான்கு. சிலுவையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

சாவுக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு நன்றி வழிபாட்டுக்குப் போவது வழக்கம். எல்லாரும் ஒரே மாதிரித் துணி உடுத்திக்கொண்டு கிளம்பினார்கள். எனக்குத் தலைவலி என்று சொன்னேன். எனக்குத் தெரிந்து காய்ச்சலில்கூட ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டதில்லை.

அவர்கள் வண்டி வளைவில் மறைந்ததும், முந்தின நாள் சந்தையில் வாங்கிப் பைக்குள் வைத்திருந்த இரண்டு சின்னப் பெயின்ட் டப்பாக்களையும் ஒரு தூரிகையையும் எடுத்தேன். ஈர மண்ணில் மண்டியிட்டேன். வெள்ளையை முதலில் பிறந்த வருடத்தின் எட்டின் மேல் பூசினேன். அது காயும்வரை கை கூப்பியபடி இருந்தேன். தூரத்தில் கோயிலில் பாட்டு ஆரம்பித்தது, முடிந்தது, பிரசங்கம் தொடங்கியது.

பிறகு கறுப்பைத் தொட்டு இரண்டு என்று எழுதினேன். 1942.

கழுத்து கொஞ்சம் நீண்டு, அடிக்கோடு வளைந்து போகிற இரண்டு. தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, என் அப்பா இரண்டை இப்படித்தான் எழுதுவார்.

தூரிகையைக் குடத்துத் தண்ணீரில் கழுவி, கறுப்புத் தண்ணீரை மாமரத்தடியில் ஊற்றினேன்.